தனக்கென்று பார்க்கப்படாத பித்தப்பை

1949 ஜூன் மாதம், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெத்தெஸ்டாவிலிருந்த கடற்படை மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஓர் அறிக்கை தயாரானது. ஜார்ஜ் லுட்விக் என்ற மருத்துவரும் பிரான்சிஸ் ஸ்ட்ரதர்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து எழுதியது அது. மனிதர்களிடமிருந்து எடுத்த பித்தக்கற்களை நாய்களின் தசையிலும் பித்தப்பையிலும் பதித்து வைத்தார்கள். உலோக வார்ப்புகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் எதிரொலிக் கருவியால் அந்தக் கற்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். முடிந்தது. உடலின் திசுக்களுக்குள் ஒலி எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதையும் லுட்விக் அளந்தார்: சராசரியாக நொடிக்கு 1540 மீட்டர். இன்றும் எந்த ஊரில், எந்த உயிரின் வயிற்றின் மீது ஸ்கேன் கருவியை வைத்தாலும், எதிரொலி திரும்பி வர ஆன நேரத்தை ஆழமாகக் கணக்கிட அந்த எண்ணையே கருவி எடுத்துக்கொள்கிறது. ஆக, அல்ட்ராசவுண்ட் தேடிப் பிடித்த முதல் பித்தக்கற்கள் நாய்களின் உடம்பில் இருந்தவை. ஆனால் அந்தக் கற்கள் நாய்களுடையவை அல்ல. அந்த நோயும் அவற்றுடையது அல்ல. நாய்க்குப் பித்தப்பையில் என்ன நோய் வரும், அதை ஒலியால் எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி முறையாகக் கேட்கப்படுவதற்கு அதன்பின் முப்பது ஆண்டுகள் ஆயின. நாய்க்கே உரிய ஒரு பெரும் பித்தநோயின் தோற்றம் திரையில் இன்னதென்று தெளிவாவதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

இந்த வரலாற்றைக் கருவியின் வரலாறாகச் சொல்லிவிடுவது எளிது. முதலில் எக்ஸ்ரே, அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது, தெரிந்தது. கருவி நுணுக்கமாக ஆக நோயும் துல்லியமாகப் பிடிபட்டது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை பல இடங்களில் பொருந்தாமல் நிற்கிறது. கருவி கையில் இருந்தும் நோய் பிடிபடாத காலம் ஒன்று இருக்கிறது. திரையில் தெரிந்ததை நோய் என்று தவறாக எடுத்துக்கொண்ட காலமும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நாயின் பித்தப்பை மனிதப் பித்தப்பைக்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் நின்றது. அதை அந்த விலங்குக்காகவே பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதற்கு எது இயல்பு, எது நோய் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

அல்ட்ராசவுண்டுக்கு முந்தைய ஆய்வுகளைப் பார்த்தாலே இது விளங்கும். பித்தப்பையைப் பற்றி மனித மருத்துவம் அறிந்துகொண்ட அடிப்படைகளில் பெரும்பாலானவை நாயிடமிருந்து வந்தவை. 1921இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பெய்டன் ரௌஸும் பிலிப் மெக்மாஸ்டரும், பித்தப்பை வெறும் சேமிப்புப் பை அல்ல, தன்னிடம் வரும் பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஒரே நாளில் அதைப் பல மடங்கு செறிவாக்குகிறது என்று நாய்களில் காட்டினார்கள். சாப்பிட்டபின் பித்தப்பையைச் சுருங்க வைப்பது ஒரு ஹார்மோன் என்பதை 1928இல் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் கண்டதிலும் நாய்களுக்குப் பங்கு உண்டு. இவை உடலியல் நூல்களில் மனித உடலின் செய்திகளாக இடம்பெற்றன. எந்த உயிரில் அளந்தார்கள் என்பது பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

இந்த வரிசையில் மிகப் புகழ்பெற்றது செயின்ட் லூயி நகரில் நடந்த ஆய்வு. சாதாரண எக்ஸ்ரேயில் பித்தப்பை தெரியாது. பித்தநீரும் அதைச் சூழ்ந்திருக்கும் கல்லீரலும் கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். குளோரின் சேர்ந்த சில பினால்ஃப்தலீன் சேர்மங்கள் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் வெளியேறுகின்றன என்பதை ஆபலும் ரௌன்ட்ரீயும் முன்பே கண்டிருந்தார்கள். குளோரினுக்குப் பதிலாகக் கதிர்களைத் தடுக்கும் கனமான அணுக்களைச் சேர்த்தால் பித்தப்பையே படத்தில் தெரியாதா என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம் யோசித்தார். அவருடன் பணியாற்றிய வாரன் கோல் 1923இல் நாய்களின் சிரைகளில் அந்த மருந்தைச் செலுத்திப் பார்த்தார். நாய்க்குப் பின் நாயாகத் தோல்வி. பிறகு ஒரே ஒரு நாயில் மட்டும் பித்தப்பை படத்தில் தெளிவாக விழுந்தது. காரணத்தைத் தேடியபோது, அந்த நாய்க்கு மட்டும் அன்று தீனி வைக்கப்படவில்லை என்று தெரியவந்தது. சாப்பிட்ட நாயின் பித்தப்பை சுருங்கி மருந்தை வெளியேற்றிவிடுகிறது. பட்டினி கிடந்த நாயின் பித்தப்பை அதைப் பிடித்துவைத்துச் செறிவாக்குகிறது. 1924இல் வெளியான அந்த முறை, அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் மனிதப் பித்தக்கல்லைக் கண்டறியும் முதன்மை வழியாக இருந்தது. நாய்களின் அன்றாட மருத்துவத்தில் அது வேரூன்றவே இல்லை. வாந்தியோடும் மஞ்சள் காமாலையோடும் வரும் நாய்க்கு, கண்ணின் நிறம், இரத்தப் பரிசோதனை, கடைசியில் வயிற்றைத் திறந்து பார்ப்பது என்பவைதான் பல பத்தாண்டுகளுக்கு இருந்த வழிகள்.

நாயின் பித்தநீர் மனிதனுடையதைப் போன்றது அல்ல என்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. பித்தக்கல் நோயைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் நௌனினின் காலத்திலேயே, மனிதக் கற்களை நாயின் பித்தப்பைக்குள் வைத்தால் அவை நாளடைவில் கரைந்துபோகின்றன என்று கவனித்திருந்தார்கள். நாயின் பித்தநீரில் கொலஸ்டிரால் மிகக் குறைவு. அதனால் மனிதரிடம் சாதாரணமாக உருவாகும் கொலஸ்டிரால் கல் அங்கே உருவாவது அரிது, வெளியிலிருந்து வைத்தாலும் நிலைப்பது அரிது. நாய்க்கு வரும் சில கற்கள் பெரும்பாலும் நிறமிகளும் கால்சியமும் சேர்ந்தவை. இந்த ஒரு கவனிப்பிலேயே பெரிய எச்சரிக்கை அடங்கியிருந்தது: பித்தப்பை நோய் என்றதும் மனித மருத்துவர் முதலில் தேடுவது கல், நாயில் முதலில் தேட வேண்டியது வேறொன்றாக இருக்கலாம். ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்வி மனிதக் கல் ஏன் உருவாகிறது என்பதே. அந்தக் கேள்விக்கு நாயின் பித்தநீர் ஒரு கரைப்பானாக மட்டுமே பயன்பட்டது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். 1949க்கும் 1980க்கும் இடையிலான இடைவெளிக்குக் கேள்வியைக் குறை சொல்வானேன், கருவி அப்போது அந்த நிலையில் இல்லையே என்று கேட்கலாம். ஆட்சேபம் நியாயமானது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் உடன் பணியாற்றியவர்களும் 1958இல் வயிற்றுக் கட்டிகளின் ஒலிப் படங்களை வெளியிட்டபோது படம் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறத்தில்தான் இருந்தது. திசுவின் மென்மையான வேறுபாடுகள் அதில் தெரியாது. சாம்பல் நிறத்தின் படிநிலைகளைக் காட்டும் முறை 1970களில்தான் பரவியது. அதைவிட முக்கியமான தடை அசைவு. தொடக்கக் காலக் கருவிகள் கோடு கோடாகப் படத்தைச் சேர்த்தன. நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூச்சிரைக்கும் நாயிடம் அது நடக்காது. அசையும் படத்தை உடனுக்குடன் காட்டும் கருவி 1965இல் சீமென்ஸ் நிறுவனத்திலிருந்து வந்துவிட்டது என்றாலும், கால்நடை மருத்துவமனை வாங்கக்கூடிய விலைக்கு அந்த வகை இறங்கி வரப் பல ஆண்டுகள் ஆயின. விலங்குகளில் ஒலியை முதலில் பயன்படுத்தியது வருமானம் தரும் விலங்குகளிடம்: 1966இல் லின்டால் செம்மறி ஆட்டின் சினையைக் கண்டறிய முயன்றார், 1980 வாக்கில் குதிரை வளர்ப்பில் அது நிலைபெறத் தொடங்கியது. ஆகவே அந்த முப்பது ஆண்டுத் தாமதத்தில் பெரும்பகுதியைக் கருவியும் காசும் விளக்கிவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த இருபது ஆண்டுகளை அவற்றால் விளக்க முடியாது.

1980களின் தொடக்கத்தில் சாம்பல் படிநிலைக் கருவிகளும் அசையும் படக் கருவிகளும் அமெரிக்கக் கால்நடைக் கல்லூரிகளுக்குள் நுழைந்தன. நாயின் வயிற்றுக்குள் ஒலியால் பார்த்த முதல் முறையான கட்டுரைகள் 1981 முதல் வரத் தொடங்கின. கலிஃபோர்னியாவின் டேவிஸில் தாமஸ் நைலாண்டும் அவருடைய சகாக்களும் செய்த வேலை இதில் அடித்தளம். 1982இல் நைலாண்டும் கில்லெட்டும் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் பொதுப் பித்தக்குழாயைக் கட்டிவிட்டு, அடைப்பு ஏற்பட்டால் குழாய்கள் எந்த வரிசையில் வீங்குகின்றன என்று தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பித்தப்பையும் பெரிய குழாயும் முதல் ஓரிரு நாட்களிலேயே விரிகின்றன; கல்லீரலுக்கு வெளியே உள்ள கிளைகள் அதற்குப் பின்; கல்லீரலுக்குள் ஓடும் நுண்கிளைகள் கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. இயல்பான நாயில் இந்த உட்கிளைகள் திரையில் தெரியவே தெரியாது. தெரிந்தால் அடைப்பு சில நாட்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த நேரக்கணக்கு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விரிந்த பொதுப் பித்தக்குழாய் சந்தேகத்துக்குரியது, பித்தப்பைச் சுவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் கவனிக்க வேண்டும் என்பது போன்ற அளவுகளும் இதைத் தொடர்ந்து நிலைபெற்றன.

இந்த ஆய்வு என் வாதத்துக்கு எதிரான சான்று என்று ஒருவர் சொல்லலாம். நாயின் குழாயைக் கட்டி அடைப்பை ஆராயும் முறை மனித மருத்துவத்திலிருந்து வந்தது. அதே காலத்தில் மனிதக் கதிரியக்க மருத்துவர்களும் மனித அடைப்பைப் புரிந்துகொள்ள நாய்களில் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பதிலாளாக நிறுத்தப்பட்ட நாயிடமிருந்தே நாய்க்கான அறிவும் கிடைத்ததல்லவா? கிடைத்தது, மறுக்க மாட்டேன். அந்த நாய்கள் தங்கள் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த அறிவு இன்று ஒவ்வொரு காமாலை நாய்க்கும் பயன்படுகிறது. அந்தக் கடன் பெரிது. ஆனால் அந்த முறை எதைக் கற்பித்தது, எதைக் கற்பிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நூலால் இறுக்கிக் கட்டிய குழாயில் அடைப்பு ஒரே கணத்தில், முழுமையாக ஏற்படுகிறது. உண்மையில் நாய்க்கு வரும் அடைப்புக்கு மிகப் பெரிய காரணம் கணைய அழற்சி. பக்கத்திலுள்ள கணையம் வீங்கிக் குழாயை மெதுவாக நெரிக்கிறது, சில நாட்களில் தானாகவே விட்டுவிடவும் செய்கிறது. மனிதரிடம் குழாயின் முடிவில் சிக்கும் கல் கணைய அழற்சியையே உண்டாக்கும். நாயிடம் கணையத்தின் பெரிய குழாய் பித்தக்குழாயோடு சேராமல் சிறுகுடலில் தனித் திறப்பில் முடிவதால் அந்த வரிசை அங்கே அவ்வளவாக நிகழ்வதில்லை. ஒருமுறை விரிந்த குழாய் அடைப்பு நீங்கிய பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாமல் இருக்கலாம். நெடுநாள் அழற்சியால் சுவர் இறுகிப்போன பித்தப்பை, அடைப்பு இருந்தும் விரியாமல் இருக்கலாம். இவை எதுவும் நூலால் கட்டிய நாயிடமிருந்து கிடைக்கவில்லை. நோயோடு வந்த நாய்களைப் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாடம்.

கடன் வாங்கிய பார்வை எங்கே தடுக்கியது என்பதற்குப் பித்தக் கசடு நல்ல சான்று. இயல்பான பித்தநீர் திரையில் முழுக் கறுப்பாகத் தெரியும், ஏனெனில் தெளிந்த திரவம் ஒலியைத் திருப்பி அனுப்பாது. கல் இருந்தால் வெளிச்சமான வளைவும் அதன் கீழே நிழலும் விழும். இந்த இரண்டுக்கும் இடையில், பித்தப்பையின் அடியில் சாம்பல் நிறமாகப் படிந்து, நாயைப் புரட்டினால் மெதுவாக இடம் மாறும் கசடு நாய்களில் அடிக்கடி தெரிந்தது. மனிதரிடம் கசடு என்றால் பித்தம் தேங்கிக் கிடக்கிறது, கல்லுக்கு முன்னோடியாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் எண்ணுவார்கள். அந்த எண்ணம் நாய்க்கும் அப்படியே வந்தது. 1998இல் ப்ரோமலும் சகாக்களும் ஒரு எளிய வேலையைச் செய்தார்கள்: கல்லீரல் நோய் உள்ள நாய்கள், வேறு நோய் உள்ள நாய்கள், ஆரோக்கியமான நாய்கள் என மூன்று கூட்டத்தையும் ஸ்கேன் செய்து கசடு எத்தனைக்கு இருக்கிறது என்று எண்ணினார்கள். மூன்று கூட்டத்திலும் ஏறத்தாழப் பாதி நாய்களுக்குக் கசடு இருந்தது. நோயுள்ள கூட்டத்துக்கும் நலமான கூட்டத்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதற்கு நவீனக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கருவியாலும் முடிந்திருக்கும். தேவைப்பட்டது, நலமாக இருக்கும் நாயின் பித்தப்பை எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே. நான் படித்தவற்றில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான கட்டுரைகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன், அதன் முடிவு எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும்.

வாரன் கோலின் பட்டினி நாய் கற்றுத்தந்த செய்தி இங்கே வேறு உருவில் முன்னே வந்து நின்றது. சாப்பிடாத நாயின் பித்தப்பை பெரிதாகும், அதிலுள்ள பித்தநீர் செறிவாகும், கசடும் படியும். நோயாளியாக மருத்துவமனைக்கு வரும் நாய் அநேகமாகச் சில நாட்களாகச் சாப்பிடாத நாய். காரணம் சிறுநீரகமாக இருக்கலாம், பல்லாக இருக்கலாம். திரையில் பெருத்த, கசடு நிறைந்த பித்தப்பையைப் பார்த்ததும் அடைப்பு என்று முடிவு கட்டினால், நோயின் விளைவை நோயின் காரணமாக எடுத்துக்கொள்கிறோம். 1924இல் இந்த உண்மை மனிதப் படத்தைத் தெளிவாக எடுக்கும் உத்தியாகப் பயன்பட்டது; நாயின் படத்தைச் சரியாக வாசிக்க அதே உண்மை எவ்வளவு அவசியம் என்பது புரிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

கசடு நோயே இல்லாததை நோயாகக் காட்டியது என்றால், மியூகோசீல் அதற்கு நேர்மாறானது. பித்தப்பையின் உட்சுவரிலுள்ள செல்கள் அளவுக்கு மீறிக் கெட்டியான சளியைச் சுரந்து, நாளடைவில் பை முழுவதும் அசையாத கூழாக இறுகிவிடும் நோய் இது. பை விரிந்து, சுவருக்கு இரத்தம் போகாமல் அழுகி, ஒரு நாள் வெடிக்கும். பித்தநீர் வயிற்றுக்குள் கொட்டும். மனிதரிடம் இதற்கு ஒத்த நோய் கிட்டத்தட்ட இல்லை. 1965இலேயே கோவாட்ச், ஹில்டெப்ராண்ட், மார்க்கஸ் என்ற நோயியலாளர்கள் நாயின் பித்தப்பை உட்சுவர் சளிப் பைகளோடு மிகை வளர்ச்சி அடைவதை விவரித்திருந்தார்கள். 1995இல் அல்ட்ராசவுண்டில் பார்க்கப்பட்ட இரண்டு நாய்களின் குறிப்பு வந்தது. 2000ஆம் ஆண்டு பெஸ்ஸோ, ரிக்லி, கிளியாட்டோ, வெப்ஸ்டர் ஆகியோர் 14 நாய்களின் படங்களைச் சேர்த்து வெளியிட்ட கட்டுரைதான் திருப்புமுனை. கசடைப் போல இந்தச் சளி நாயைப் புரட்டினாலும் நகராது. விளிம்பை நோக்கிக் கோடுகள் நட்சத்திரமாக விரிந்து தெரியும். நறுக்கிய கிவிப் பழத்தைப் போல என்று மருத்துவர்கள் சொல்லிக்கொள்ளும் அந்தத் தோற்றத்தை இன்று எந்த மாணவரும் பார்த்த கணத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அந்தத் தோற்றம் அதற்கு முன்பும் திரையில் விழுந்திருக்க வேண்டும். 1980களில் தொடங்கி நாயின் வயிற்றை ஸ்கேன் செய்தவர்களின் கண்ணில் அது படாமல் இருந்திருக்க முடியாது. கல்லா, கசடா, கட்டியா என்ற மூன்று கேள்விகளுக்குள் அதற்கு இடம் இருக்கவில்லை.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. மியூகோசீல் முன்பு அரிதாக இருந்து, 1990களின் பிற்பகுதியில்தான் பெருகியது; ஆகவே பார்க்கப்படாமல் போகவில்லை, பார்ப்பதற்கே அதிகம் இருக்கவில்லை என்பது அந்த வாதம். இதை எளிதில் ஒதுக்க முடியாது. பிணப் பரிசோதனை செய்யும் நோயியலாளருக்கு அல்ட்ராசவுண்ட் தேவையில்லை. கெட்டிச் சளி நிறைந்த பை கத்திக்கு முன் தெளிவாகவே தெரியும். அவர்களே 1965க்குப் பின் அதிகம் எழுதவில்லை என்றால் நோய் அப்போது குறைவாகவே இருந்திருக்கலாம். ஷெட்லாந்து ஷீப்டாக், காக்கர் ஸ்பேனியல், மினியேச்சர் ஷ்னாவுசர் போன்ற சில இனங்களில் இது செறிந்திருப்பதும், அந்த இனங்களின் கலப்பு முறைகள் காலப்போக்கில் மாறியிருக்கக்கூடும் என்பதும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கின்றன. பெருகியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும், கசடையும் சளியையும் பிரித்தறிய, நலமான நாயின் பித்தநீர் நகரும் விதத்தை முதலில் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு 1990களின் இறுதியில்தான் அச்சில் வருகிறது. கசடைப் பற்றிய கட்டுரைக்கும் மியூகோசீல் கட்டுரைக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். கால்நடைக் கதிரியக்க இதழ் தன் பெயரிலேயே அல்ட்ராசவுண்ட் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது 1992இல். ஒரு துறை தன் விலங்கைத் தன் விலங்காகப் பார்க்கத் தொடங்கிய காலமும் நோய் கண்டறியப்பட்ட காலமும் இவ்வளவு நெருக்கமாக விழுவதை நோயின் பெருக்கம் மட்டும் விளக்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் அறிவு விரைந்து சேர்ந்தது. மியூகோசீல் கண்ட 38 ஷெட்லாந்து ஷீப்டாக் நாய்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வந்தது. அட்ரினல் சுரப்பி மிகையாக வேலை செய்யும் குஷிங் நோய் உள்ள நாய்களுக்கு மியூகோசீல் இருப்பதற்கான வாய்ப்பு, அது இல்லாத நாய்களைவிட 29 மடங்கு என்று 2009இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு கணக்கிட்டது. 2010இல் மரபணுக் காரணம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது; மனிதரிடம் பித்தநீரின் கொழுப்புச் சேர்க்கையைக் கெடுத்துக் கல்லை உண்டாக்கும் அதே மரபணுவில் நாயிலும் ஒரு மாற்றம் காணப்பட்டது. கூடுதல் நாய்களில் சோதித்த பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. மனித நோயின் விளக்கத்தை இங்கேயும் முதலில் எட்டிப் பிடித்ததைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 2015இல் வட கரோலினாவில் நாயின் சளியையே எடுத்து அதன் புரதங்களை ஆராய்ந்தார்கள். செல்லிலிருந்து சுருட்டப்பட்ட நிலையில் வெளிவரும் சளிப் புரதம் விரிந்து நெகிழாமல் அப்படியே கெட்டிப்பட்டு நிற்கிறது என்று கண்டார்கள். நாயிடம் தொடங்கி நாயிடமே முடிந்த கேள்விக்குக் கிடைத்த விளக்கம் அது.

இன்னொரு சான்றைச் சொல்லியே ஆக வேண்டும். மனிதரிடம் பித்தப்பைச் சுவர் தடித்தால் முதலில் நினைவுக்கு வருவது பித்தப்பை அழற்சி. வேறு காரணங்களும் உண்டு; டெங்கு காய்ச்சலில் ஸ்கேன் அறிக்கையில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது என்று வருவதை நம் ஊர்களில் பலர் கேட்டிருப்பார்கள். நாயிடம் இதே தோற்றம் ஒரு தனிப் பொருளைத் தாங்கி வருகிறது. கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் மனிதருக்கு மூச்சுக்குழாய் இறுகி மூச்சு முட்டுவது முதலில் தெரியும். நாயிடம் அந்த அதிர்ச்சியைப் பெரிதும் வாங்கிக்கொள்ளும் உறுப்பு கல்லீரல். அதன் சிரைகள் சுருங்கி இரத்தம் தேங்க, பித்தப்பைச் சுவரில் நீர் கோத்து, இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு இடையே ஒரு கறுப்பு வளையமாகத் தெரியும். தேனீ கொட்டியோ தடுப்பூசிக்குப் பின்னோ மயங்கி விழுந்த நாயின் வயிற்றில் இந்த வளையத்தைப் பார்ப்பது ஒவ்வாமையைக் கண்டறிய உதவும் என்று 2009இல் குவான்ட்ஸும் சகாக்களும் காட்டினார்கள். ஒரே தோற்றத்தை மனித நூலைத் திறந்து வைத்து வாசிப்பவர் பித்தப்பையை அறுக்க யோசிப்பார். நாயின் உடலை அறிந்தவர் அட்ரினலின் ஊசியை எடுப்பார். அந்த நாய்க்கு இருப்பது சில நிமிடங்கள்.

கருவி மேம்பட மேம்பட வாசிப்பும் தானே மேம்படும் என்ற நம்பிக்கைக்கும் எண்கள் முழு ஆதரவு தரவில்லை. பித்தப்பை வெடித்துவிட்டதா என்பது அறுவை மருத்துவரின் முதல் கேள்வி. சுவரின் தொடர்ச்சி அறுந்திருக்கிறதா, சுற்றியுள்ள கொழுப்பு பளிச்சென்று வெளுத்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1997 முதல் 2007 வரையிலான 45 நாய்களை ஆராய்ந்த ஒரு கட்டுரையில், வெடித்தவற்றுள் 85.7 விழுக்காட்டை அல்ட்ராசவுண்ட் சரியாகப் பிடித்தது. 2007 முதல் 2016 வரை மியூகோசீல் கண்ட 219 நாய்களை ஆராய்ந்த பெரிய ஆய்வில் அது 56.1 விழுக்காடாகக் குறைந்தது. வெடிக்கவில்லை என்பதைச் சரியாகச் சொன்னது 91.7 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளின் நாய்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கவனம் தேவை. ஆனாலும் பிந்தைய பத்தாண்டின் நல்ல கருவிகள் அந்த எண்ணை உயர்த்தவில்லை என்பது தெரிகிறது. மியூகோசீலின் தோற்றத்தை ஆறு வகையாகப் பிரித்த 2014ஆம் ஆண்டு ஆய்விலும், வகைக்கும் நாயின் உடல்நிலைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. நட்சத்திரமாகத் தெரியும் பை அமைதியாக இருக்கலாம், பாதி இறுகிய பை நாளையே வெடிக்கலாம்.

அப்படியானால் நோயின் அறிகுறியே இல்லாமல், வேறு காரணத்துக்காக ஸ்கேன் செய்தபோது மியூகோசீல் தெரிந்த நாயை என்ன செய்வது? இன்றைய மருத்துவர்களிடையே நடக்கும் உண்மையான விவாதம் இது. நலமாக ஓடியாடும் நாயின் வயிற்றைத் திறப்பது மிகை என்பார் சிலர். மருந்தாலேயே மியூகோசீல் கரைந்த நாய்கள் உண்டு என்று 2008இல் வந்த குறிப்பைச் சுட்டுவார்கள். அதில் இருந்தவை இரண்டு நாய்கள். மறுபக்கம், 70 நாய்களின் பித்தப்பை அகற்றலை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, அவசரமின்றித் திட்டமிட்டுச் செய்த அறுவையில் இறப்பு 2 விழுக்காடு என்றும், நோய் முற்றிய பின் செய்த அறுவையில் 20 விழுக்காடு என்றும் சொல்கிறது. முன்கூட்டி அறுத்த நாய்கள் அந்த நேரத்தில் இயல்பாகவே வலுவாக இருந்தவை, அதனால்தான் பிழைத்தன என்று ஆட்சேபிக்கலாம். சரிதான்; வலுவாக இருக்கும்போதே அறுக்க வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம். எந்தத் தோற்றமும் வெடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லாத நிலையில், இனமும் வயதும் குஷிங் நோயும் ஒத்துவரும் நாய்க்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டிருப்பதைவிட அறுவையை முன்னே கொண்டுவருவதே சரி என்று நான் கருதுகிறேன். நாயின் உரிமையாளர் அந்த முடிவை எடுக்கும் முன், அந்த 2 விழுக்காட்டையும் அந்த 20 விழுக்காட்டையும் மருத்துவர் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.